தெற்கு வாசல் வீடு

ஜனவரி 5, ஞாயிறு

டெர்பி வாழறதுக்கு ஆகற ஊரா ஆகாத ஊரான்னு நான் தினமும் குறிச்சு வைக்கணுமாம். எங்க வீட்டுக்காரர் உத்தரவு. "நல்லது கெட்டது ரெண்டையும் அன்னன்னைக்கே எழுதி வை வாணி. பங்குனிக்குள்ள நான் முடிவு பண்ணோணும்"னு கரூர்ல ஃபேனுக்கடியில சாஞ்சுக்கிட்டுச் சொல்றாரு. இங்க மூணு மாசமா பஸ்ஸுக்கு நின்னு நின்னு கால் மரத்துப் போறவ நான். முடிவு பண்றவரு அவரு.

சரி, எழுதறேன். இந்த நோட்டை அவர் பார்க்கப் போறதில்ல, அதனால உள்ளதை உள்ளபடி எழுதறேன்.

கெட்டது. காலையில எட்டு மணிக்கும் இருட்டு, சாயந்திரம் நாலு மணிக்கே மறுபடி இருட்டு. நடுவுல இருக்கறது வெளிச்சம்னு இவங்களே சொல்லிக்கறாங்க. மழையும் மழையா பெய்யறதில்ல, நாள் பூராம் மூஞ்சியில ஈரத்துணியைப் போட்டு அமுக்கற மாதிரி ஒரு தூறல். குப்பைத்தொட்டி நிறத்துக்கு ஒண்ணு. தப்பான தொட்டியில ஒரு வாழைப்பழத் தோலைப் போட்டா குப்பைக்காரன் அப்படியே விட்டுட்டுப் போயிடறான். பஸ் டிரைவர்ல இருந்து ரொட்டிக் கடைக்காரி வரைக்கும் என்னை "டக்"னு கூப்பிடறாங்க. வாத்து! பி.எஸ்சி. ரேடியாலஜி படிச்சு, கரூர்ல பதினாலு வருசம் ஸ்கேன் சென்டர்ல எக்ஸ்ரே எடுத்து, பரீட்சை எழுதி இங்க ஆஸ்பத்திரியில வேலை வாங்கிட்டு வந்தவ நான். வாத்தாம். இந்த ஊர்ப் பக்கம் எல்லாரையும் அப்படித்தான் பாசமா கூப்பிடுவாங்கன்னு கூட வேலை பார்க்கற டோனா சொல்றா. பாசத்துக்கு வேற பிராணியே கிடைக்கலையா?

இந்தக் குளிருக்கு இடது முன்னங்கை எலும்பு உள்ளுக்குள்ள குத்துது. அதையும் இந்த ஊர்க் கணக்குலயே எழுதிக்கறேன்.

நல்லது. ஒண்ணுமில்ல. நேத்து லீவு, மத்தியானம் வரைக்கும் தூங்கினேன். அதை எதுல சேர்க்கறதுன்னு தெரியல.

ஜனவரி 8, புதன்

விசாவுக்குப் போட்டாச்சு, அவருக்கும் கனிஷ்காவுக்கும். கனிஷ்கா எங்க ஒரே பொண்ணு, ஆறாவது படிக்கறா.

விஷயம் இதுதான். ஊரு ஆகும்னு நான் சொன்னா அவங்க ரெண்டு பேரும் சித்திரையில இங்க வர்றாங்க. ஆகாதுன்னா நான் வேலையை விட்டுட்டுக் கரூருக்குத் திரும்பணும். மூணாவதா ஒண்ணு கிடையாது. பாப்பாவை மட்டும் அனுப்பி வையுங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "என்னை விட்டுட்டு நீ தனியா புள்ளை வளத்துவியா? அவ்வளவு பெரிய ஆளாயிட்டியா?"ன்னு கேட்டாரு.

பாப்பா இல்லாம என்னால இருக்க முடியாது. அதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

அவரு கெட்டவரு இல்ல. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஏற்றுமதி கம்பெனியில கணக்கு மேனேஜர், தனசேகரன்னா ஊர்ல மரியாதை. கோவம் மட்டும் கொஞ்சம் அதிகம். எந்த வீட்லதான் இல்ல.

ஜனவரி 12, ஞாயிறு

ஆத்தோரமா நடந்து டார்லி பார்க் வரைக்கும் போனேன். ஏறி இறங்கி மூச்சு வாங்கிருச்சு. பெஞ்செல்லாம் ஈரம். வாத்துங்க, நிஜ வாத்துங்க, மேல வந்து விழுதுங்க. போன வாரமும் போயி இதேதான் திட்டினேன், அதுக்கு முந்தின வாரமும்.

சாயந்திரம் போன். "பார்க்ல ஒரே இடத்துல என்ன அத்தனை நேரம்?" என் போன் எங்க இருக்குன்னு அவரு போன்ல புள்ளியா தெரியும். அவரேதான் கிளம்பறப்ப அதைப் போட்டு விட்டாரு, பாதுகாப்புக்கு.

"சும்மா ஒக்காந்திருந்தேனுங்க."

"யாரு கூட?"

"வாத்து கூட."

சிரிப்பாருன்னு நினைச்சேன். சிரிக்கல. பெஞ்சைப் போட்டோ எடுத்து ஏன் அனுப்பலன்னு கேட்டாரு. ஐயாயிரம் மைல் தாண்டி வந்தும் ஒரு பெஞ்சுல ஒக்கார்றதுக்குச் சாட்சி வேணும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். டூட்டி. ராத்திரி மைக்ரோவேவ்ல பொங்கல் வெச்சேன், பொங்கல, வெந்துச்சு. வீடியோவுல காட்டச் சொன்னாரு. பாப்பா பின்னால நின்னு கையாட்டினா. அவ பேச வாயெடுக்கறதுக்குள்ள "நெத்தியில பொட்டு எங்க?"ன்னு கேட்டாரு. அதுலயே போன் முடிஞ்சுது.

ஜனவரி 19, ஞாயிறு

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் ரூமைப் பிப்ரவரி கடைசியில காலி பண்ணணும். குடும்பத்துக்கு ஒரு வீடு பார்க்கணும். அதுவும் தை முடியறதுக்குள்ள கையெழுத்துப் போட்டாகணும், மாசி பங்குனியில புது வீடு கூடாதாம். இங்க்லீஷ்காரன் வீட்டுக்குத் தை என்ன, மாசி என்ன?

அது போதாதுன்னு வாஸ்து. எங்க வீட்டுக்காரருக்கு நாச்சிமுத்துன்னு ஒரு வாஸ்துக்காரர் இருக்காரு. கரூர்ல அவர் சொல்லாம நாங்க ஒரு அலமாரி நகர்த்தினதில்ல. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போயி, வாசப்படியில நின்னு போன்ல திசைகாட்டியைத் திறந்து, வாசல் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலைன்னு படம் போட்டு அனுப்பணும். கிழக்கு நல்லது, வடக்கு நல்லது, மேற்கு பரவால்ல, தெற்கு மட்டும் கூடவே கூடாது. தெற்கு எமன் திசை. இது அவருக்கு வெறும் பேச்சில்ல. அவங்கண்ணன் தெற்கு வாசல் வீட்டுக்குக் குடி போன ஆறாம் மாசம் லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. அன்னையில இருந்து தெற்கு வாசல் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கக்கூட இவர் உள்ள போறதில்ல, ரோட்டுல நின்னே குடுப்பாரு.

வீட்டு ஏஜென்ட் ரையன்னு ஒரு பையன். நான் வாசல்ல போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தறதைப் பார்த்து, "இந்தத் தெருவுல சிக்னல் நல்லாவே கிடைக்கும்"னு சமாதானம் சொல்றான். எனக்கு வந்த கோவத்துக்கு நாச்சிமுத்துவைக் கூட்டிட்டு வந்து இந்தக் குளிர்ல வாசப்படியில நிக்க வைக்கணும்.

ஜனவரி 25, சனி

இன்னைக்குப் பார்த்தது ஒரு வரிசை வீடு. சின்ன வீடு, செங்கல் சுவர். முன் ரூம்ல கால் வெச்சதும் நின்னுட்டேன். வெயில். ஜன்னல் வழியா உள்ள வந்து தரையில பாதி வரைக்கும் கிடக்குது. இந்த ஊருக்கு வந்த நாளா வீட்டுக்குள்ள வெயிலை நான் பார்த்ததே இல்ல. ரையன் பெருமையா சொல்றான்: "முன்பக்கம் தெற்குப் பார்த்திருக்கு. இங்க குளிர்காலத்துல சூரியன் தெக்காலயேதான் சுத்தும், இதுக்கு ஆளுங்க அடிச்சுக்குவாங்க."

தெற்கு. திசைகாட்டியைத் திறக்கவே வேண்டியதில்லாம போச்சு.

இருந்தாலும் போன் பண்ணிச் சொன்னேன். ஏனுங்க, இங்க சூரியன் தெக்காலதானுங்க இருக்குது, வெயில் வர்ற வீடுதான் உடம்புக்கு நல்லதாமுங்கன்னு. "சூரியனுக்கு நீ பாடம் எடுக்கறியா?"ன்னாரு. அப்பறம், "எங்கண்ணனை மறந்துட்டியா, இல்ல நானும் போகோணும்னு இருக்கியா?"ன்னு கேட்டாரு.

ரையன்கிட்ட வேற வீடு காட்டச் சொல்லிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வடக்கு வாசல் வீடு ஒண்ணு கிடைச்சிருக்கு. முன் ரூம்ல மத்தியானம் லைட்டுப் போட்டாத்தான் ஆள் தெரியும். அலமாரியை நகர்த்தினா பின்னால சுவர் பூராம் கருகருன்னு பூசணம், ஈரச்சாக்கு நாத்தம். ரையன் பாவம், ஜன்னலைத் திறந்து வெச்சா போயிடும்னு தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னான்.

படம் போட்டு அனுப்பினேன். அரை நாள்ல பதில். குபேர வாசலாம், அமோகமா இருக்குமாம், இதையே முடிச்சிடச் சொல்லிட்டாரு நாச்சிமுத்து. பூசணம் இருக்குதுங்கன்னேன். "பினாயில் போட்டுத் தொடை. பொம்பளை இருக்கற வீட்ல பூசணம் எப்படி வரும்?"

குபேரனுக்கு இருமல் வராம இருந்தா சரி. பாப்பாவுக்குச் சளி பிடிக்கும்னு எனக்குத்தான் கவலை. தை முடியறதுக்குள்ள கையெழுத்துப் போடணும்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்னைக்கு டோனா மேல எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சமில்ல.

ஒரு பொண்ணு, முப்பது வயசிருக்கும், முன்னங்கையில அடிபட்டு வந்தா. புருசன் கூடவே வந்தான். என்னாச்சுன்னு அவளைக் கேட்டா அவன் பதில் சொல்றான்: மாடிப்படியில தடுக்கி விழுந்துட்டா. எக்ஸ்ரே ரூமுக்குள்ள நோயாளி மட்டும்தான்னு டோனா அவனை வெளியில நிக்க வெச்சா. நான்தான் படம் எடுத்தேன். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, நடுவுல குறுக்கால ஒரே உடைப்பு. தடுக்கி விழறவங்க கையை ஊனுவாங்க, மணிக்கட்டுல உடையும். இந்த இடம் எப்ப உடையும்னா, மூஞ்சிக்கு முன்னால கையைத் தூக்கித் தடுக்கறப்ப உடையும். இந்த வேலையில கொஞ்ச நாள் இருந்தா யாருக்கும் தெரியும்.

டோனாவும் படத்தைப் பார்த்தா. கதவைச் சாத்தினா. ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பொண்ணு பக்கத்துல ஒக்காந்து, சாதாரணமா, டீ வேணுமான்னு கேக்கற குரல்ல கேட்டா: "வீட்ல பயமில்லாம இருக்க முடியுதா உன்னால?"

அந்தப் பொண்ணு முதல்ல சிரிச்சா. அப்பறம் அழுதா. அப்பறம் டோனா யாருக்கோ போன் பண்ணினா, இந்த மாதிரி விஷயத்துக்குன்னே ஆஸ்பத்திரியில இருக்கற ஒரு அம்மா வந்து அவளை வேற வழியா கூட்டிட்டுப் போச்சு. புருசன் வெளியில ஒக்காந்திருந்தான்.

டீ குடிக்கறப்ப கேட்டுட்டேன். அடுத்தவங்க குடும்ப விஷயத்துல நாம எதுக்கு மூக்கை நுழைக்கணும்? படம் எடுக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது, நாளைக்கு அவ திரும்பி அந்த வீட்டுக்குத்தானே போகணும், எங்க ஊர்ல இப்படியெல்லாம் கேக்க மாட்டோம்னு சொன்னேன். டோனா கோவப்படல. "கேக்கறதும் நம்ம வேலைதான் டக். கேக்காம அனுப்பினாத்தான் தப்பு"ன்னுட்டு பிஸ்கட்டை டீயில முக்கித் தின்னுக்கிட்டிருந்தா.

திமிரு பிடிச்சவ. இதையும் எழுதறேன்: இந்த ஊர்க்காரங்களுக்கு அடுத்தவங்க வீட்ல என்ன நடக்குதுன்னு தெரியாட்டி தூக்கம் வராது.

பிப்ரவரி 7, வெள்ளி

தூங்கல. கோவம் அடங்கல.

என் இடது கையை எக்ஸ்ரே எடுத்தவன் முருகவேலு. ஸ்கேன் சென்டர்ல எனக்கு ஜூனியர், அக்கா அக்கான்னு உசுரை விடுவான். படத்தை லைட்டுல வெச்சுப் பார்த்தான். அந்த எலும்பு, அந்த இடம், அவனுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான். நான் வாயே திறக்கல, அவனே கேட்டான்: "மாடிப்படியில விழுந்துட்டீங்களாக்கா?" நான் தலையாட்டினேன். எழுதிட்டான். டாக்டரும் அதையே எழுதினாரு. மாவுக்கட்டுப் போட்டு வந்ததும் எங்கம்மா, "கோவத்துல பண்ணிட்டாரு, சாயந்திரம் பூ வாங்கிட்டு வந்தாரில்ல, விடு கண்ணு"ன்னுச்சு.

எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது. ஓட்டு வீடு. முருகவேலு எங்க கெடா விருந்துக்கு வந்து பந்தியில ஒக்காந்து தின்னுட்டுப் போனவன். அவனுக்குத் தெரியும். அந்தத் தெருவுக்கே தெரியும். வந்து பார்த்துட்டுப் போன ஒறம்பரை சொந்தபந்தம் எல்லாரும் "படி பார்த்து இறங்கோணும் அம்மணி"ன்னாங்க. எந்தப் படி? ஒருத்தராவது கதவைச் சாத்திட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கேட்டாங்களா? இல்லாத படியை எல்லாரும் சேர்ந்து கட்டினாங்க, நானும் அதுல இருந்து விழுந்தேன்னு ஒத்துக்கிட்டேன்.

டோனா மேல எனக்கு என்ன கோவம்? ஒண்ணுமில்ல. எவளோ ஒருத்தியை அவ கேட்டா. என்னை யாருமே கேக்கல. அதான் கோவம்.

அந்த ஒரு தடவைதானான்னா, இல்ல. எலும்பு உடைஞ்சது அந்த ஒரு தடவை.

பிப்ரவரி 8, சனி

ரையன்கிட்டப் போயி தெற்கு வாசல் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஒரு வருச ஒப்பந்தம். அவன் நல்ல வேளை இன்னும் யாருக்கும் போகலன்னான்.

வேணும்னேதான் பண்ணினேனான்னு யாராவது கேட்டா வெயிலுக்காகன்னு சொல்லுவேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

குபேர வாசல் வேற ஆளுக்குப் போயிருச்சு, கிடைச்சது இதுதான்னு சொல்லி, படத்தை ஒளிவு மறைவில்லாம அனுப்பினேன். வாசல் தெற்கு, அடுப்பு வடமேற்கு, எல்லாம் உள்ளபடி.

கத்தினாரு. கத்தினாரு, கத்தினாரு. போனை மேசை மேல வெச்சுட்டு வெங்காயம் நறுக்கினேன். கரூர்ல இந்த அளவுக்குச் சத்தம் போட்டா அடுத்தது என்ன வரும்னு உடம்புக்குத் தெரியும், தோள் தானா சுருங்கிக்கும். இங்கயும் சுருங்குச்சு. ஆனா போன்ல இருந்து கை வராது. வெங்காயம் பூராம் நறுக்கி முடிச்சேன்.

பிப்ரவரி 22, சனி

குடி வந்தாச்சு. மாசி மாசம், சனிக்கிழமை, தெற்கு வாசல். பால் காய்ச்சினேன், பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுது. பேப்பர் வாங்கித் துடைச்சேன். யாரும் ஒண்ணும் சொல்லல.

மார்ச் 1, சனி

விசா வந்துருச்சு, ரெண்டு பேருக்கும். எனக்குச் சந்தோசமா இருக்கணும். பாப்பா பேருக்கு மட்டும் வந்திருக்கக் கூடாதா.

மார்ச் 12, புதன்

கனிஷ்காவுக்கு ஸ்கூல்ல இடம் கிடைச்சிருக்கு. இந்த விலாசத்துக்குக் கிடைச்ச இடம், நடந்தே போயிடலாம். வீடு மாறினா இடம் போனாலும் போகும். ஏப்ரல் கடைசியில, ஈஸ்டர் லீவு முடிஞ்சதும் சேரணும்.

அவர்கிட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா குடும்ப வாட்ஸப்ல, "எங்க பாப்பா லண்டன் ஸ்கூலில் சேர்ந்துள்ளார்"னு பூங்கொத்தோட போட்டிருக்காரு. லண்டனாம். லண்டன் எங்க, டெர்பி எங்க? அத்தனை ஒறம்பரையும் வாழ்த்துச் சொல்லியாச்சு. இனி அனுப்பாம இருந்தா அவருக்குத்தான் மானக்கேடு. போடட்டும், நல்லாப் போடட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

நாச்சிமுத்துகிட்ட மூணு பேர் ஜாதகத்தையும் வீட்டுப் படத்தையும் கொண்டுபோயிக் குடுத்திருக்காரு. தீர்ப்பு வந்துருச்சு. தெற்கு வாசல்னா தோஷம் குடும்பத் தலைவனுக்குத்தான், பொம்பளைங்களுக்கு ஒண்ணும் பண்ணாதாம். இவர் ராசிக்கு இப்ப நேரம் வேற சரியில்லையாம். ஆவணி வரைக்கும் அந்த வாசப்படியை மிதிக்கவே கூடாதாம்.

"பாப்பா முன்னாடி போகட்டும். நான் ஆவணியில வர்றேன், அதுக்குள்ள கிழக்கு வாசலா ஒரு வீடு பாரு. நேரா வந்து அதுலதான் இறங்குவேன்"னாரு.

சரிங்கன்னேன். போனை வெச்சுட்டு முன் ரூம்ல வெயில்ல ஒக்காந்து அழுதேன். நாச்சிமுத்துவை இத்தனை வருசம் நான் திட்டாத நாளில்ல, இன்னைக்கு அவர் இருக்கற திசைக்கு ஒரு கும்பிடு.

ஏப்ரல் 13, ஞாயிறு

மனசை மாத்திட்டாரு. தானும் வர்றாராம். பாப்பாவைத் தனியா அனுப்பினா சனம் என்ன பேசும்னு யாரோ ஏத்தி விட்டிருக்காங்க. வந்து வேற யார் வீட்லயாவது தங்கிக்குவாராம், நான் அங்க சோறு கொண்டுபோயிக் குடுக்கணுமாம்.

இன்னைக்கு டூட்டியில ஒரு கிழவர் கால் படத்தைத் தலைகீழா வெச்சு எடுத்துட்டேன். என்னைத்தான் திட்டிக்கணும், வேற யாரைத் திட்டறது? இந்த ஊரைத் திட்டலாம்னு பார்த்தேன். வரல.

ஏப்ரல் 17, வியாழன்

நாச்சிமுத்து காப்பாத்திட்டாரு. அந்த வீட்டு அடுப்புல வெந்ததைத் தின்னாலும் தோஷம் ஒட்டுமாம், அதனால இவர் ஆவணிக்கே வர்றாராம். திருச்செங்கோட்டுக்காரர் ஒருத்தர், இங்க ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவரு, லீவு முடிஞ்சு குடும்பத்தோட திரும்பறாரு. பாப்பா அவங்க கூட வர்றா.

ஏப்ரல் 26, சனி

பர்மிங்காம் ஏர்போர்ட்டுக்குப் போயிக் கூட்டிட்டு வந்தேன். வளர்ந்திருக்கா, இளைச்சிருக்கா. ரயில்ல ஜன்னல் பக்கமே பார்த்துட்டு வந்தா. "அம்மா, இங்க ஏம்மா எல்லா வீடும் ஒட்டி ஒட்டி இருக்குது"ன்னு கேட்டா. குளிருக்குன்னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பால் காய்ச்சிக் கண்ணாடி டம்ளர்ல குடுத்தேன். கை தவறிக் கீழ போட்டுட்டா. டம்ளர் உடைஞ்ச சத்தம் கேட்டு நான் திரும்பறதுக்குள்ள, பாப்பா சுவரோட ஒட்டி நின்னு, மூஞ்சிக்கு முன்னால ரெண்டு முன்னங்கையையும் தூக்கியிருந்தா.

நான்தான் நிக்கறேன். அம்மா. அவ கையை இறக்கல.

பக்கத்துல போகாம, கண்ணாடி மேலயே மண்டி போட்டு ஒக்காந்து, "பாப்பா, அப்பா எப்ப இருந்து உன்னை…"ன்னு கேட்டேன். "நீ போனதுக்கு அப்பறம்தாம்மா"ன்னா. "அடிக்க வீட்ல வேற யாரும் இல்லையில்ல."

ஆறு மாசம். நான் வாத்தையும் மழையையும் குப்பைத்தொட்டியையும் திட்டி எழுதிட்டிருந்த அந்த ஆறு மாசம். எழுத முடியல.

ஏப்ரல் 28, திங்கள்

பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு டூட்டிக்குப் போனேன். முதல் நோயாளி வர்றதுக்கு முன்னாடி டோனாகிட்ட, "அன்னைக்கு அந்தப் பொண்ணைக் கேட்டியே, அதை என்னைக் கேளு"ன்னு சொன்னேன்.

டோனா ஏன்னு கேக்கல. எந்திரிச்சுப் போயிக் கதவைச் சாத்தினா, ஸ்டூலை இழுத்துப் போட்டா, கேட்டா.

சொன்னேன். என் இங்க்லீஷ்ல எவ்வளவு வருமோ அவ்வளவும் சொன்னேன், வராததைத் தமிழ்லயே சொன்னேன். கரூர்ல இருந்த வரைக்கும் நடந்ததையும் சொன்னேன், பாப்பாவையும் சொன்னேன். வெளியில நோயாளிங்க காத்துக்கிட்டிருந்தாங்க. டோனா வேற ஆளைக் கூப்பிட்டு அடுத்த ரூம்ல எடுக்கச் சொல்லிட்டா. அன்னைக்கு வந்த அதே அம்மா வந்துச்சு, எல்லாத்தையும் கேட்டுக்குச்சு. ஸ்கூல்ல சொல்லி வெச்சாச்சு. அவரோட விசா என் வேலையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குதாம், அதை என்ன பண்ணலாம்னு வக்கீல் வெச்சுச் சொல்றேன்னாங்க. ராத்திரியோ பகலோ எப்ப வேணாலும் கூப்பிடலாம்னாங்க.

சாயந்திரம், நான் இருக்கற இடத்தை அவருக்குக் காட்டற அந்தப் புள்ளியை என் போன்ல அணைச்சேன்.

மே 4, ஞாயிறு

அணைச்ச நாளா தினமும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு, எடுக்கல. இன்னைக்கு எடுத்தேன். பாப்பாவை மாடிக்குப் போடின்னேன், போகல, கதவுகிட்டயே நின்னா. சரி நிக்கட்டும்னு விட்டுட்டேன்.

புள்ளி ஏன் தெரியலன்னுதான் முதல்ல கேட்டாரு. அப்பறம் கத்தினாரு. முடிக்கட்டும்னு இருந்தேன். கடைசியில, "ஆவணி வரைக்கும் காத்திருக்கற கதையெல்லாம் கிடையாது. பரிகாரம் பண்ணிட்டு அடுத்த மாசமே வர்றேன். வீடு பாத்தியா இல்லையா?"ன்னாரு.

"பாக்கலைங்க. நீங்க வராதீங்க."

"ஏன், ஊரு ஆகாதா?"

"நல்ல ஊருங்க. எனக்கும் பாப்பாவுக்கும் ஆகுது. உங்களுக்கு ஆகாது."

"எனக்கு ஆகாதுன்னு சொல்ல நீ யாருடி? டிக்கெட் போட்டு வந்து வாசல்ல நிக்கறேன், என்ன பண்ணுவே?"

"போலீஸைக் கூப்பிடுவேன்."

சிரிச்சாரு. "போலீஸா? புருசன் பொண்டாட்டி விவகாரத்துக்கு எந்த ஊர்ல போலீஸ் வரும்?"

"இங்க வருவாங்க."

கல்யாணமான நாளா போனை முதல்ல வைக்கறது அவர்தான். இன்னைக்கு நான் வெச்சேன்.

திரும்பிப் பார்த்தா பாப்பா அங்கயேதான் நிக்கறா. "நிஜமாவே வருவாங்களாம்மா?"ன்னு கேட்டா.

வருவாங்கன்னேன். சாப்பிட வான்னேன். வந்து ஒக்காந்து மூணு தோசை தின்னா, நாலாவதுக்குத் தட்டை நீட்டினா.